மெக்சிகோ விழாக்களுக்குக் குடும்பத்தோடு: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை மெக்சிகோ வம்சாவளியினர் என்று பதிந்தவர்கள் சுமார் 3 கோடியே 59 லட்சம் பேர். டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ சிகாகோவிலோ குடியேறுகிற தமிழ்க் குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தில், பிள்ளையின் வகுப்பில், வேலையிடத்தில் எங்காவது ஒரு மெக்சிகோ குடும்பம் பழக்கமாகிவிடும். சில வீடுகளில் சம்பந்தியே அவர்கள்தான். பேரப்பிள்ளைக்கு அம்மாவழி ஒரு பாரம்பரியம், அப்பாவழி ஒரு பாரம்பரியம். அப்படிப்பட்ட வீடுகளையும், "எங்க தெரு விழாவுக்கு வாங்களேன்" என்று அழைக்கப்பட்டவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இவை குடும்பங்கள் நடத்தும் விழாக்கள். தமாலெஸ் என்ற வேகவைத்த மக்காச்சோள மாவுப் பண்டம் விற்கும் மேசைக்குப் பின்னால் பாட்டி, மகள், பேத்தி மூன்று பேரும் நிற்பார்கள். ஆடும் குழுவில் அக்காவும் தங்கையும் இருப்பார்கள். அவர்களுடைய பாவாடைக்கு ரிப்பன் தைத்தது அம்மாவாக இருக்கும். சும்மா சுற்றிப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதி விழாகூடக் கைக்கு வராது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். என்னென்ன வேலை என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

எந்த நாள், எதற்கு?

காலண்டரில் முதலில் குறிக்க வேண்டியது செப்டம்பர் 15 இரவும் 16ஆம் தேதியும். 1810 செப்டம்பர் 16 அதிகாலையில், டொலோரெஸ் என்ற ஊரின் பாதிரியார் மிகேல் இதால்கோ தேவாலய மணியை அடித்து மக்களைத் திரட்டி, ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அந்த முழக்கத்தை எல் கிரீத்தோ என்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் 15ஆம் தேதி இரவு மெக்சிகோ நகரின் தேசிய மாளிகை மாடத்தில் நின்று நாட்டின் அதிபர் மணியடித்து, விடுதலை வீரர்களின் பெயர்களைச் சொல்லி, கடைசியில் மூன்று முறை "விவா மெஹிகோ!" என்று முழங்குவார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மெக்சிகோவின் துணைத் தூதர் இதையே நகர மன்றத்திலோ பூங்காவிலோ செய்வார். கீழே நிற்கிற கூட்டம் மொத்தமும் "விவா!" என்று திருப்பி முழங்கும். பிள்ளைகளுக்கு முதல் வேலை இது: அந்த மூன்று விவாவையும் தொண்டை கிழியச் சொல்வது. வீட்டில் ஒரு தடவை பழக்கிக் கூட்டிப் போங்கள்; வெட்கம் போய்விடும்.

மே 5, அதாவது சிங்கோ தெ மாயோவை மெக்சிகோவின் சுதந்திர நாள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது 1862இல் பூயெப்லா நகருக்கு வெளியே பிரெஞ்சுப் படையை மெக்சிகோ படை தோற்கடித்த நாள். படையை நடத்திய தளபதி இக்னாசியோ சரகோசா பிறந்தது இன்றைய டெக்சாஸில் உள்ள கோலியாத் என்ற ஊரில். மெக்சிகோவில் பூயெப்லாவைத் தாண்டினால் இந்த நாளுக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. அமெரிக்காவில் பீர் விளம்பரங்கள் இதை ஊதிப் பெருக்கிவிட்டன. பிள்ளைகளோடு போகிறவர்கள் மதுக்கடைகள் நடத்தும் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு, நூலகமோ அருங்காட்சியகமோ நடத்துவது இருந்தால் மட்டும் போங்கள்.

நவம்பர் 1, 2 இறந்தோர் நாள். இதைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறேன். டிசம்பர் 12 குவாதலூப்பே அன்னையின் திருநாள். முந்தைய நாள் இரவே தேவாலயங்களில் கூட்டம் சேரும். சிகாகோவுக்கு அருகில் டெஸ் பிளெய்ன்ஸ் திருத்தலத்துக்குக் கொட்டும் குளிரில் நடந்தே வருகிறவர்கள் உண்டு. டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதாஸ்; அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அமெரிக்க அரசு ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம் என்று அறிவித்திருக்கிறது. 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988இல் மாதமாக விரிந்தது. ஊர்ப் பூங்காக்களில் நடக்கும் விழாக்கள் பெரும்பாலும் இந்த நாள்களில்தான் வரும். ஆனால் குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் சுதந்திர நாள் செப்டம்பர் 15. அதனால் அங்கே பார்க்கிற எல்லோரையும் மெக்சிகோக்காரர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "உங்கள் குடும்பம் எந்த ஊர்?" என்று கேட்டால் போதும். மிச்சோவகான், ஹலிஸ்கோ, வஹாக்கா என்று ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே அவர்கள் முகம் மலர்ந்துவிடும், பேச்சும் தானாக நீளும்.

கெர்மெஸில் தொடங்குங்கள்

முதல் தடவையே பெரிய ஊர்வலத்துக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டம் நெரிக்கும், கார் நிறுத்த இடம் கிடைக்காது, சின்னப் பிள்ளைகள் அழும். பக்கத்தில் ஸ்பானிய மொழியில் பூசை நடக்கும் தேவாலயம் இருந்தால் அங்கே எப்போது கெர்மெஸ் என்று விசாரியுங்கள். தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில், கட்டட நிதிக்கோ பள்ளிக்கோ பணம் திரட்டுவதற்காக நடத்தும் சந்தை போன்ற விழா அது. வீட்டுக்கு வீடு சமைத்துக்கொண்டு வந்து விற்பார்கள். பல இடங்களில் காசுக்குச் சீட்டு வாங்கி, சீட்டைக் கொடுத்துத்தான் சாப்பாடு வாங்க வேண்டும். மிச்சச் சீட்டைத் திருப்பித் தர மாட்டார்கள், எனவே கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

கெர்மெஸில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை. விளையாட்டுச் சிறை ஒன்று இருக்கும். யாரையாவது "கைது" செய்யச் சொல்லிக் காசு கொடுக்கலாம், உள்ளே போனவர் காசு கட்டி வெளியே வர வேண்டும். விளையாட்டுக் கல்யாணக் கூடாரமும் இருக்கும். ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேருக்குக் காகித மோதிரம் மாட்டிவிடுவார்கள். வெளியூர்க்காரரைக் கைது செய்வதில் எல்லோருக்கும் தனிக் குஷி. சிரித்துக்கொண்டே போய் உட்காருங்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது லொத்தெரீயா மேசை. மொத்தம் 54 படச் சீட்டுகள்: சேவல், நிலா, ஏணி, தேள், தர்பூசணி, கடல்கன்னி, எலும்புக்கூடு. ஒவ்வொருவர் முன்னாலும் 16 கட்டங்களில் படங்கள் அச்சிட்ட அட்டை. சீட்டை உருவுகிறவர் வெறுமனே பெயர் சொல்ல மாட்டார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விடுகதையோ கிண்டலோ சேர்த்து ராகம் போட்டுக் கூவுவார். தன் அட்டையில் அந்தப் படம் இருக்கிறவர் அதன்மேல் ஒரு காய்ந்த பீன்ஸ் விதையை வைக்க வேண்டும். வரிசை நிரம்பினால் "லொத்தெரீயா!" என்று கத்த வேண்டும். எண்ணும் எழுத்தும் தெரியாத நாலு வயதுப் பிள்ளையும், கண் மங்கிய தாத்தாவும் ஒரே மேசையில் சமமாக விளையாடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, உங்கள் பிள்ளை கவனிக்காமல் விட்ட படத்தின்மேல் சத்தமில்லாமல் ஒரு விதையை எடுத்து வைப்பார். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை விழாவுக்குக் கூட்டிப் போனால் அவர்களுக்கு ஏற்ற இடம் இதுதான். மொழி தேவையில்லை, நாற்காலியும் கிடைக்கும்.

பழகிய பிறகு பெரிய விழாக்களுக்குப் போகலாம். சிகாகோவில் லிட்டில் வில்லேஜ் பகுதியின் 26ஆம் தெருவில் செப்டம்பர் ஊர்வலம் நடக்கும். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் சுதந்திர நாள் ஊர்வலம் 1940களிலிருந்து நடந்துவருகிறது. டெக்சாஸின் தெற்கு முனையில் உள்ள பிரவுன்ஸ்வில்லில் 1938 முதல் சார்ரோ நாள்கள் கொண்டாடப்படுகின்றன. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மத்தாமோரோஸ் நகரோடு சேர்ந்து கொண்டாடும் விழா அது. பிப்ரவரி கடைசியில் அந்தப் பக்கம் போக வாய்த்தால் தவறவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சுவரொட்டியை நம்பிக் கிளம்பாமல் முதல் நாள் ஒருமுறை சரிபாருங்கள். 2025 செப்டம்பரில் சிகாகோ கிராண்ட் பார்க்கில் நடக்கவிருந்த எல் கிரீத்தோ விழா, குடியேற்றத் துறையின் நடவடிக்கை பற்றிய அச்சத்தால் தள்ளிவைக்கப்பட்டது. விழாவுக்கு வருகிற பல குடும்பங்களில் இந்தக் கவலை உண்மையிலேயே இருக்கிறது. விசா, குடியுரிமை பற்றி யாரிடமும் கேட்காதீர்கள். நட்பாகக் கேட்டாலும் அவர்களுக்கு அது சங்கடம்.

கிளம்பும் முன்

சில்லறை நோட்டுகளாக ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைகளில் அட்டை ஓடாது. ஊர்வலம் என்றால் மடக்கு நாற்காலியும் தொப்பியும் தண்ணீரும் வேண்டும்; நல்ல இடத்தில் உட்கார விரும்புகிற குடும்பங்கள் காலையிலேயே வந்து நாற்காலி போட்டுவிடுவார்கள். சிகாகோ நவம்பருக்கு நல்ல கோட்டும் கையுறையும்.

நாலு வார்த்தை கற்றுக்கொள்வது பெரியவர்களின் வேலை. யாரைப் பார்த்தாலும், கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட, முதலில் "புவேனாஸ் தார்தெஸ்" என்று மதிய வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்றது. நேரடியாக "இது என்ன விலை?" என்று தொடங்கினால் கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தோன்றும். கூட்டத்தில் வழி விடச் சொல்ல "கோன் பெர்மீசோ". சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடந்து போகும்போது "புரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்துவது அது. முன்பின் தெரியாதவர்கள்கூடச் சொல்லிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளை வாயிலிருந்து அது வந்தால் மேசையே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

சான் அன்டோனியோ பக்கம் இருப்பவர்கள் ஏப்ரல் மாத ஃபியெஸ்தாவுக்கும் ஈஸ்டருக்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே முட்டை ஓடு சேர்க்கத் தொடங்கலாம். முட்டையின் உச்சியில் சின்னதாக உடைத்து உள்ளே இருப்பதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, ஓட்டைக் கழுவிக் காயவைத்து, சாயம் தோய்த்து, உள்ளே வண்ணக் காகிதத் துணுக்குகளை நிரப்பி, திறப்பின்மேல் மெல்லிய காகிதம் ஒட்டினால் கஸ்கரோன் தயார். அதை அடுத்தவர் தலையில் மெதுவாக உடைக்க வேண்டும். தலையில் வாங்கியவருக்கு அது நல்வாய்ப்பு என்பார்கள். முன்பின் அறியாதவர் தலையில் உடைக்கும் முன் கண்ணால் ஒரு சம்மதம் வாங்கிவிடுங்கள்.

சாப்பாடு: என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது மன்தேக்கா, அதாவது பன்றிக் கொழுப்பு. பீன்ஸ் மசியலிலும் தமாலெஸ் மாவிலும் பழைய முறைப்படி அதுதான் சேரும். சிவப்பு அரிசிச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் சகஜம். "கறி இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று உண்மையாகவே சொல்வார்கள், கொழுப்பையும் சாற்றையும் அவர்கள் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "யேவா மன்தேக்கா?" என்றும், "யேவா கால்தோ தெ போயோ?" என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். பாலாடைக்கட்டியும் மிளகாயும் வைத்த தமாலைக் காட்டி இது சைவம் என்பார்கள். மாவில் என்ன சேர்த்தார்கள் என்று அங்கேயும் கேட்க வேண்டும். மோலே என்ற குழம்பில் வேர்க்கடலை, பாதாம், எள் சேர்வது வழக்கம். ஒவ்வாமை இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

முதல் முறை தமால் சாப்பிடுகிறவர்கள் சிலர் வெளியே சுற்றியிருக்கும் சோளத் தோலையும் சேர்த்துக் கடித்துவிடுகிறார்கள். அதைப் பிரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் வெந்த மாவை மட்டும் சாப்பிட வேண்டும். வஹாக்கா, வேராக்ரூஸ் பக்கத்துத் தமால் வாழையிலையில் கட்டி வரும்.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவையும் நிறைய உண்டு. எலோத்தே வண்டி எந்த விழாவிலும் நிற்கும். கொதிக்கிற தண்ணீரிலிருந்து சோளத்தை எடுத்துக் குச்சியில் குத்தி, மயோனைஸ் தடவி, பொடித்த வெள்ளைப் பாலாடைக்கட்டியில் புரட்டி, மிளகாய்த் தூள் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து கையில் கொடுப்பார்கள். முட்டை சேர்க்காதவர்கள் மயோனைஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். வண்டிக்காரர் கை அவ்வளவு வேகம். உதிர்த்த சோளமாகக் கிண்ணத்தில் கேட்டால் அது எஸ்கீத்தெஸ், பல் விழுந்த ஆறு வயதுப் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் அதுதான் வசதி. பூசணிப்பூ வைத்த கெசதீயா, கள்ளிமடல் வைத்த தாக்கோ, மிளகாய்த் தூள் தூவிய மாம்பழம், இவற்றையும் விட்டுவிடாதீர்கள். குடிக்க, பெரிய கண்ணாடி ஜாடிகளில் அகுவாஸ் ஃபிரெஸ்காஸ் இருக்கும்: சிவந்த புளிச்சைப் பூவைக் காய்ச்சிய ஹமாய்க்கா, அரிசியும் பட்டையும் அரைத்த ஒர்ச்சாத்தா, புளித் தண்ணீரில் சர்க்கரை சேர்த்த தமரிந்தோ. புளியும் மாம்பழமும் ஸ்பானியர் காலத்தில் கடல் கடந்து மெக்சிகோவுக்குப் போனவை. மிளகாயும் தக்காளியும் கொய்யாவும் அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்தவை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். தட்டைப் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அவர்களுக்கு நல்ல வேலை.

ஆட்டமும் பாட்டும்

ஃபோல்க்ளோரிக்கோ என்ற நாட்டுப்புற ஆட்டத்தில் உடையைப் பார்த்தே ஊரைச் சொல்லலாம். வட்டமாகச் சுழலும் அகலமான வண்ணப் பாவாடையில் வரிசை வரிசையாக ரிப்பன் இருந்தால் ஹலிஸ்கோ. வெள்ளை உடை என்றால் வேராக்ரூஸ். அங்கே ஓர் ஆட்டத்தில் நீளமான ரிப்பனைத் தரையில் போட்டு, ஆணும் பெண்ணும் கையால் தொடாமல் காலாலேயே அதை முடிச்சுப் போடுவார்கள். தாளம் தப்பக் கூடாது, முடிச்சும் விழ வேண்டும். முடிந்ததும் ரிப்பனைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்போது கைதட்டாதவரே இருக்க மாட்டார். முகமூடி போட்டுக் கூன் விழுந்த கிழவர்கள் கைத்தடியோடு தள்ளாடி வந்து, திடீரென்று இளைஞர்களைப் போலக் குதித்தால் அது மிச்சோவகான் மாநிலத்தின் கிழவர் ஆட்டம். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்பது இதைத்தான்.

இறகுக் கிரீடமும், கணுக்காலில் விதைச் சலங்கையும் அணிந்து, மர முரசைச் சுற்றி ஆடும் தான்சா அஸ்தேக்கா வேறு வகை. அதை ஆடுகிறவர்களுக்கு அது வழிபாடு. தொடங்கும் முன் நான்கு திசைக்கும் வணக்கம் செலுத்துவார்கள். அவர்கள் திரும்பும் திசைக்கு நீங்களும் திரும்பி நில்லுங்கள். வட்டத்துக்குள் நுழையாதீர்கள், குறுக்கே போகாதீர்கள். கடைசியில் எல்லோரையும் உள்ளே அழைக்கும் நேரம் வந்தால் தயங்காமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஆடுங்கள்.

மரியாச்சி என்ற மெக்சிகோ இசைக் குழுவிடம் பாட்டுக் கேட்டு வாங்கலாம். மேடையில் பாடும்போது காசு வேண்டாம். மேசைக்கு மேசை வந்து பாடும் குழு என்றால் ஒரு பாட்டுக்கு எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள். பாட்டு உருகும் இடத்தில் கூட்டத்திலிருந்து யாராவது நீளமாக "ஆ-ஹாய்-யாய்" என்று குரல் எழுப்புவார். அது இடையூறு இல்லை, பாட்டில் சேர்ந்தது.

ஒஃப்ரெந்தா

எல்லா விழாவையும் விட உங்கள் குடும்பம் நேரம் ஒதுக்க வேண்டியது இறந்தோர் நாளுக்குத்தான். நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. அந்த நாள்களில் இறந்தவர்கள் வீடு திரும்புகிறார்கள், அவர்களை விருந்தாளியாக வரவேற்க வேண்டும் என்பது நம்பிக்கை. 2008இல் யுனெஸ்கோ இதைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மண்டையோட்டு முகப்பூச்சும் ஊர்வலமும்தான் படங்களில் வருகின்றன. ஆனால் மெக்சிகோ நகரத்தின் அந்தப் பெரிய அணிவகுப்பே 2016இல்தான் தொடங்கியது. விழாவின் உயிர் வீட்டு மேசைமேல் இருக்கிறது. அந்த மேசைக்குப் பெயர் ஒஃப்ரெந்தா.

பிள்ளைகளோடு வீட்டில் ஒன்று அமைத்துவிட்டு ஊர் விழாவுக்குப் போனால், அங்கே பார்க்கிற ஒவ்வொரு பொருளும் அவர்களுக்குப் புரியும். அக்டோபர் கடைசி வாரம் தொடங்குங்கள். சுவரோரம் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்தால் இரண்டு அடுக்கு. ஏழு அடுக்கு வைப்பவர்களும் உண்டு. மேலே துணி விரியுங்கள். உச்சியில் இறந்தவர்களின் படங்கள். உயிரோடு இருப்பவர் படம் அங்கே வரக் கூடாது. நம் வீட்டில் இருப்பவர் படத்துக்கு மாலை போடச் சம்மதிப்போமா, அதே மாதிரிதான். பாட்டி உயிரோடு இருந்து தாத்தா மட்டும் காலமாகியிருந்தால், கல்யாணப் படத்தில் தாத்தாவை மட்டும் தனியாக வெட்டி அச்செடுங்கள்.

வழியெல்லாம் வந்த தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தூய்மைக்கு ஒரு சிட்டிகை உப்பு. வழிகாட்ட மெழுகுவத்தி. கொபால் என்ற மரப்பிசினைத் தணலில் போட்டால் எழும் புகை. அப்புறம் செம்பாசூச்சில் பூ. கடையில் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள், அது நம் ஊர்ச் செண்டுமல்லியேதான். மெக்சிகோ மண்ணில் பிறந்து கடல் கடந்து நம் பூக்கடைக்கு வந்த செடி. அதன் நிறமும் மணமும் ஆன்மாவுக்கு வழி காட்டும் என்பதால், வாசலிலிருந்து மேசைவரை இதழ்களை உதிர்த்துப் பாதை போடுவார்கள். இந்தப் பாதை போடும் வேலையை வீட்டின் கடைக்குட்டியிடம் விட்டுவிடுங்கள். பூ, அக்டோபர் கடைசியில் மெக்சிகோ மளிகைக் கடைகளில் வாளி வாளியாக வரும். பான் தெ முயெர்த்தோ என்ற ரொட்டியும் அங்கேயே கிடைக்கும். உருண்டை ரொட்டியின்மேல் எலும்பு வடிவில் மாவுப் பட்டைகள், மேலே சர்க்கரை, ஆரஞ்சு மணம். முட்டையும் வெண்ணெயும் சேர்ந்தது.

மேசைக்கு மேலே தொங்கும் காகிதத் தோரணம் பப்பேல் பிக்காதோ. பூயெப்லா மாநிலத்தின் சான் சல்வதோர் ஊயிஷ்கோலோத்லா ஊர்க் கைவினைஞர்கள் உளியால் அடுக்கு அடுக்காகக் கொத்தி எடுப்பது. வீட்டில் மெல்லிய வண்ணக் காகிதத்தை நாலைந்து மடிப்பாக மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினாலே அழகாக வரும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இதில் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள்.

முக்கியமான பொருள் இனிமேல்தான். போனவருக்குப் பிடித்த சாப்பாடு. அதற்குப் பிள்ளைகள் ஊருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்: "தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் பாட்டி?" அந்த ஒரு கேள்விக்குப் பிறகு வருகிற பேச்சுதான் விழா. மெக்சிகோ வீடுகளில் மேசையைச் சுற்றி நடப்பதும் இதுவேதான். அவருக்கு எந்தக் கோப்பையில் காபி குடித்தால்தான் திருப்தி, எந்தப் பாட்டை முணுமுணுப்பார், எதற்கெல்லாம் கோபப்படுவார் என்று சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு போகத் தேவையில்லை. நவம்பர் 2 முடிந்ததும் படைத்ததைக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சம்பந்தி வீடு மெக்சிகோ வழி என்றால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே மேசையில் இருக்கட்டும். அந்த ஊர்த் தாத்தாவின் படத்துக்கு முன் மோலே, நம் தாத்தாவின் படத்துக்கு முன் அவருக்குப் பிடித்த முறுக்கு.

ஊர் விழாவில் பொது ஒஃப்ரெந்தாவும் இருக்கும். பெயர் எழுதிச் செருகவோ படம் வைக்கவோ இடம் விட்டிருப்பார்கள். மேசைக்குப் பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. அசல் படத்தைக் கொண்டு போகாமல் நகலை எடுத்துப் போங்கள், பின்புறம் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டும் எழுதுங்கள். மற்றவர் படைத்ததைத் தொடாதீர்கள், பிள்ளைகள் மிட்டாய் மண்டையோட்டை எடுக்கப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு மேசை முன்பும் ஒரு நிமிடம் நின்று, படத்துக்குக் கீழே இருக்கும் பெயரை மனதுக்குள்ளாவது படியுங்கள். பக்கத்தில் அந்தக் குடும்பத்தார் நின்றால் "இவர் யார்?" என்று கேளுங்கள். அவர்கள் அதற்காகத்தான் நிற்கிறார்கள்.

எங்கே போகலாம்? சிகாகோவின் பில்சன் பகுதியில் உள்ள தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகம் 1987 முதல் ஆண்டுதோறும் இறந்தோர் நாள் கண்காட்சி நடத்துகிறது, அனுமதி இலவசம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். சூடான கூடம், நிதானமாகப் பார்க்கலாம். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் என்ற கலைக்கூடம் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிவைத்த கொண்டாட்டம்தான் அமெரிக்காவில் இந்த நாளைப் பொதுவிழாவாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் நவம்பர் 2 மாலை மெழுகுவத்தி ஊர்வலம் உண்டு. சான் அன்டோனியோவில் ஹெமிஸ்ஃபேர் பூங்காவில் முயெர்த்தோஸ் ஃபெஸ்ட்.

உடை, முகப்பூச்சு, படம்

பூவேலை செய்த ரவிக்கை, ரெபோசோ என்ற நீளச் சால்வை இவற்றை விழாவில் கைவினைஞரிடமே வாங்கி அணியலாம். அவர்களுக்கு அதில் மகிழ்ச்சிதான். பேரம் பேசிக் கசக்காதீர்கள், ஒரு ரவிக்கைக்குப் பல வார உழைப்பு போயிருக்கும். ஒட்டு மீசையும் வைக்கோல் தொப்பியுமாக வேடிக்கை வேஷம் போடுவது அவர்களைக் கேலி செய்வது. இறகுக் கிரீடத்தையும் தொடாதீர்கள். கத்ரீனா என்ற மண்டையோட்டு முகப்பூச்சுக்குப் பெரும்பாலும் தடையில்லை. ஓவியர் ஹொசே குவாதலூப்பே பொசாதா, பூத்தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியைச் செதுக்கியது பகட்டைக் கேலி செய்யத்தான். எந்தத் தொப்பி போட்டாலும் உள்ளே எல்லோரும் எலும்பே. விழாவிலேயே முகம் வரைகிற பெண்களிடம் வரைந்துகொள்ளுங்கள். ஹாலோவீன் வேஷத்தில் மட்டும் போக வேண்டாம்.

பளபளக்கும் சிவப்பும் பச்சையுமான பாவாடைக்குச் சீனா பொப்லானா என்று பெயர். 1688இல் பூயெப்லாவில் இறந்த கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெண்ணோடு அந்த உடையை மக்கள் சேர்த்துச் சொல்வார்கள். அவர் இந்தியாவிலிருந்து அடிமையாகப் பிடிக்கப்பட்டு, மணிலா வழியாக மெக்சிகோ கொண்டுபோகப்பட்டவர். உடைக்கும் அவருக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பது ஆய்வாளர்கள் கருத்து. இருந்தாலும் அந்தப் பாவாடை சுழல்வதைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

ஆளைப் படம் எடுக்கும் முன் "புவேதோ தொமார் ஊனா ஃபோத்தோ?" என்று கேளுங்கள். பிள்ளைகளின் முகத்தை, அழுதுகொண்டிருப்பவரை, ஒஃப்ரெந்தா முன் மண்டியிட்டவரை எடுக்காதீர்கள். சம்மதம் வாங்கி எடுத்ததையும் வலைத்தளத்தில் போடுவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். காரணம், மேலே சொன்ன குடியேற்றத் துறை பற்றிய அச்சம்தான்.

அடுத்த தடவை

டிசம்பரில் போசாதாஸ் வரும். லாஸ் ஏஞ்சல்ஸின் ஒல்வேரா தெருவில் 16 முதல் 24 வரை ஒவ்வொரு மாலையும் நடக்கும். மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடியதைப் பாட்டாகவே நடிப்பார்கள். வெளியே ஒரு கூட்டம் இடம் கேட்டுப் பாடும், உள்ளே ஒரு கூட்டம் மறுத்துப் பாடும், கடைசியில் கதவு திறக்கும். பிறகு மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்ட ஏழு முனை நட்சத்திரப் பின்யாத்தாவை உடைப்பதும், சோளமாவும் சாக்லேட்டும் கரைத்துக் காய்ச்சிய சூடான சம்புராதோவும். வீட்டுப் போசாதாவுக்கு யாராவது அழைத்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஆரஞ்சு, வேர்க்கடலை, மிட்டாய் கட்டிய சின்னப் பைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். அதற்குரிய பழமோ கடலையோ வாங்கிப் போனால் வீட்டுக்காரருக்கு உதவியாக இருக்கும்.

அதற்கு முன்பு, இந்த வருடம் போன விழாவின் அமைப்பாளர்களிடம் ஒரு வேலை கேட்டு வையுங்கள். மேசை தூக்க, குப்பை அள்ள, பூப் பிரிக்க எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். பொது ஒஃப்ரெந்தாவில் தனி மேசை வேண்டுகிற குடும்பங்கள் பல ஊர்களில் ஓரிரு மாதம் முன்பே பெயர் கொடுக்க வேண்டியிருக்கும், ஆகஸ்ட் கடைசியிலேயே விசாரித்துவிடுங்கள்.